கல்லா முதல் பார்சல் வரை: சென்னை உணவகங்களுக்கும் அங்கே சாப்பிடுவோருக்கும் ஒரு தொழில்நுட்ப வழிகாட்டி

சென்னையின் நடுத்தர உணவகங்களுக்குள் தொழில்நுட்பம் திட்டமிட்டு நுழையவில்லை. நெருக்கடிக்கு ஒரு கருவியாக வந்து சேர்ந்தது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்ட பிறகு கல்லாவில் க்யூஆர் அட்டை ஒட்டப்பட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் கணக்குப் பார்ப்பவரின் வற்புறுத்தலால் பில் போடும் மென்பொருள் வாங்கப்பட்டது. 2020 ஊரடங்கில் பார்சல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட மாதங்களில், ஸ்விக்கிக்கு ஒன்றும் சொமேட்டோவுக்கு ஒன்றுமாகக் கைப்பேசிகள் கல்லா மேசையில் இடம்பிடித்தன. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இணைக்கப்படாததால், இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று தொகைகளையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் இன்றும் பல கடைகளில் தொடர்கிறது.

கருவிகளை வாங்குவதைக் காட்டிலும் அவற்றை எந்த வரிசையில் கொண்டுவருகிறோம் என்பதே முக்கியம் என்ற எண்ணத்தில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. நாற்பது முதல் எண்பது பேர் வரை அமர்ந்து சாப்பிடும் டிபன் ஓட்டல், மெஸ், பிரியாணிக் கடை ஆகியவற்றை மனத்தில் வைத்தே படிகள் அமைக்கப்பட்டுள்ளன. கடைசிப் பகுதி சாப்பிட வருபவர்களுக்கானது. ஆனால் உரிமையாளர்களும் அதைப் படிப்பது நல்லது.

முதல் படி: பட்டியலைச் சீர்செய்தல்

மென்பொருள் விற்பவர் வருவதற்கு முன்பே முடித்துவைக்க வேண்டிய வேலை இது. கடையில் விற்கும் ஒவ்வொரு பொருளையும், அதன் விலையையும், அது எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்பதையும், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை கிடைக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். சுவர்ப் பலகையில் 'நெய் ரோஸ்ட்', மெனு அட்டையில் 'கீ ரோஸ்ட்', செயலியில் 'கீ பேப்பர் ரோஸ்ட் தோசை' என ஒரே தோசைக்கு மூன்று பெயர்கள் இருந்தால், மாதக் கடைசியில் நெய் ரோஸ்ட் எத்தனை விற்றது என்ற கேள்விக்கு எந்த மென்பொருளாலும் சரியான விடை தர முடியாது. 'முறுகலாக', 'வெங்காயம் வேண்டாம்', 'சர்க்கரை கம்மி' போன்றவற்றைத் தனிப் பொருள்களாகச் சேர்க்காமல் குறிப்புகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 'ஒன் பை டூ' காபிக்குக் கூடுதல் விலை உண்டா, கூடுதல் சாம்பாருக்குக் காசு உண்டா, பார்சலுக்கு டப்பா விலை தனியா என்பதையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட்டால், பின்னர் கல்லாவில் இருப்பவர் ஆளுக்கொரு விலை சொல்லும் நிலை வராது.

அடுத்தது மொழி. சென்னை ஓட்டல்களின் சமையலறையிலும் பரிமாறும் இடத்திலும் அசாம், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். தோசை மாஸ்டருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்கும். அவருக்கு உதவியாக நிற்கும் இளைஞருக்குப் பேச மட்டுமே தெரிந்திருக்கும். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் பெயரோடு ஓர் எண்ணும் கொடுத்துவிடுவது பயன் தரும். 14 என்றால் வெங்காய ஊத்தப்பம் என்பதை எந்த மொழிக்காரரும் இரண்டு நாளில் பழகிக்கொள்வார். சீட்டில் தமிழ் எழுத்தே வர வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன் அந்த அச்சுப்பொறியிலேயே 'நெய் ரோஸ்ட்' என்று அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். விலை குறைந்த தெர்மல் அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது; மென்பொருள் அதைப் படமாக மாற்றி அனுப்பும்போது கட்டங்களும் கேள்விக்குறிகளும் வருவதுண்டு, அல்லது அச்சு மெதுவாகி நெரிசல் நேரத்தில் வரிசை நீளும்.

இரண்டாம் படி: பில்லும் கேஓடியும்

முதலில் பில் வாங்கி, டோக்கனைக் கொடுத்து, நின்றபடி சாப்பிடும் கடைக்கும், மேசையில் அமர்ந்த பிறகு சப்ளையர் வந்து ஆர்டர் எடுக்கும் கடைக்கும் வேறுவேறு அமைப்பு தேவை. முதல் வகைக்கு ஒரு கணினி, பில்லுக்கு ஓர் அச்சுப்பொறி, சமையலறைக்கு ஓர் அச்சுப்பொறி இருந்தால் போதும். இரண்டாம் வகைக்கு, சப்ளையர் கையிலுள்ள கைப்பேசியிலிருந்தே சமையலறைக்குக் கேஓடி எனப்படும் ஆர்டர் சீட்டு போக வேண்டும். தோசைக்கல், சப்பாத்திக் கல், ஜூஸ், காபி என ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிச் சீட்டு பிரிந்து போகிறதா என்று பாருங்கள். ஒரே நீளச் சீட்டில் எல்லாம் வந்தால், அதைக் கிழித்துப் பகிர்ந்து கொடுப்பதற்கே ஓர் ஆள் வேண்டும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டாக வேண்டும். முதலாவது, இணையம் இல்லாதபோதும் பில் போட முடியுமா என்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் சேர்ந்தே துண்டிக்கப்பட்டன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிறிய அளவிலான தடங்கல்கள் ஒவ்வோர் ஆண்டும் வருபவைதான். இணையமின்றி இயங்கி, இணைப்பு திரும்பியதும் தானே கணக்கைச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருளும், கணினிக்கும் ரௌட்டருக்குமான ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் இந்த ஊரில் அத்தியாவசியம். இரண்டாவது, கேஓடி போன பிறகு ஒரு பொருளை நீக்கினால் யார், எப்போது, ஏன் நீக்கினார் என்ற பதிவு இருக்கிறதா என்பது. ஓட்டலில் பணம் கசிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: தோசை மேசைக்குப் போயிருக்கும், காசும் வாங்கியிருப்பார்கள், பில்லில் மட்டும் அது இருக்காது. நீக்கும் அதிகாரத்தை உரிமையாளரின் கடவுச்சொல்லுக்குள் வைப்பது, கேமரா மாட்டுவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. மூன்றாவது, மென்பொருளைக் கைவிட நேர்ந்தால் இதுவரை சேர்ந்த விற்பனைக் கணக்கை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பது. இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) வழங்கிய 14 இலக்க எண்ணைப் பில்லில் அச்சிடுவது 2022 முதல் கட்டாயம். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, குளிர்சாதன வசதி உள்ள கடைக்கு ஒரு வரி, இல்லாத கடைக்கு ஒரு வரி என்ற வேறுபாடு 2017 நவம்பர் 15 முதல் நீங்கிவிட்டது. தனியாக இயங்கும் உணவகத்துக்கு 5 சதவீதம்தான், ஆனால் வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. விற்பனைத் தொகையில் ஒரு நிலையான சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டும், சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த கடைகள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கவே கூடாது; மென்பொருளில் பழைய அமைப்பை மாற்றாமல் விட்டதால் வரி சேர்ந்தே அச்சாகிக்கொண்டிருக்கும் கடைகளும் உண்டு.

மூன்றாம் படி: பணம் வாங்குதல்

யுபிஐ வழியாகப் பெறும் தொகைக்கு வணிகரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்ற ஏற்பாடு 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பதால்தான் பத்து ரூபாய்த் தேநீருக்கும் க்யூஆர் அட்டை வந்தது. ஆனால் பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை உண்டு. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளரின் சொந்தக் கணக்கோடு இணைந்த அட்டையைக் கல்லாவில் வைக்காமல், கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி வணிகர் க்யூஆர் வாங்குவது முறை. கணக்கு கலந்துபோனால் வரித்துறைக்கு விளக்கம் சொல்வது பிறகு பெரிய வேலையாகிவிடும்.

காலை எட்டரை மணி நெரிசலில் ஒருவர் தன் கைப்பேசித் திரையில் பச்சை டிக் குறியைக் காட்டிவிட்டு நகர்வதும், கல்லாவில் இருப்பவர் தலையசைத்து அடுத்தவரிடம் திரும்புவதும் எங்கும் காணக்கூடியது. அந்தப் பச்சைக் குறியைப் போலியாகக் காட்டும் செயலிகள் புழக்கத்தில் உள்ளன. எனவே ஒலிப்பெட்டி சொன்னால்தான் பணம் வந்தது என்று பொருள், திரையைக் காட்டினால் இல்லை என்ற விதியை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஒலிப்பெட்டியின் சத்தம் கிரைண்டர் இரைச்சலையும் மீறிக் கேட்கும் இடத்தில் இருக்க வேண்டும். கடை திறக்கும்போது, ஒட்டியுள்ள க்யூஆர் அட்டையின் மேல் வேறொருவரின் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாள்களில் நாடு முழுவதும் யுபிஐ சேவை சில மணி நேரம் தடைப்பட்டது. சாப்பிட்டு முடித்தவர் பணம் அனுப்ப முடியாமல் நிற்கும்போது அவரைக் குற்றவாளிபோல் நடத்துவதைவிட, பெயரையும் தொகையையும் எழுதி வைத்துக்கொண்டு அனுப்பிவிடும் ஏற்பாட்டை முன்கூட்டியே ஊழியர்களுக்குச் சொல்லிவைக்கலாம். கல்லாவில் சில்லறை வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்ட கடைகள் அதை மீண்டும் தொடங்குவதும் நலம்.

நான்காம் படி: சமையலறைக்குள் எவ்வளவு வேண்டும்?

பெரிய உணவகங்களில் காகிதச் சீட்டுக்குப் பதிலாகச் சமையலறையில் திரை மாட்டுகிறார்கள். எந்த ஆர்டர் எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறது என்பதை அது நிறம் மாற்றிக் காட்டும். நடுத்தரக் கடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோசைக்கல் முன் நிற்பவரின் கையில் மாவும் எண்ணெயும் இருக்கும். அவர் திரையைத் தொட மாட்டார். சீட்டைக் கம்பியில் குத்திவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே அவருக்கு விரைவானது.

இயந்திரங்களைப் பற்றிய பேச்சு சென்னைக்குப் புதிதில்லை. 2017இல் பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோக்கள் உணவு கொண்டுவந்து கொடுக்கும் உணவகம் திறக்கப்பட்டபோது குழந்தைகளோடு குடும்பங்கள் தேடிச் சென்றன. 2023இல் கொளத்தூரில் பாய் வீட்டுக் கல்யாணம் நிறுவனம், ஆளில்லாத பிரியாணிக் கடையைத் தொடங்கியது. திரையில் தேர்ந்தெடுத்து, க்யூஆர் மூலம் பணம் கட்டினால், சூடான பெட்டியிலிருந்து பிரியாணியை எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. ரோபோ பரிமாறுவது பார்ப்பதற்கான காட்சி. பிரியாணிப் பெட்டியின் பின்னால் இருப்பதோ உணவின் இயல்பைப் பற்றிய கணிப்பு: பிரியாணி மொத்தமாகத் தம் போடப்படுவது, சூடாக வைத்திருந்தால் ஒரு மணி நேரம் தாங்குவது. அந்தப் பெட்டிக்குள் ரவா தோசையை வைக்க முடியாது. உங்கள் கடையில் அதிகம் விற்கும் பொருள் எந்த வகை என்று பார்த்த பிறகே இயந்திரத்தின் விலையை விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: டெலிவரி செயலிகள்

இந்தப் படியில் அவசரப்பட்டவர்களே அதிகம் இழந்திருக்கிறார்கள், எனவே கணக்கோடு பார்ப்போம். 200 ரூபாய்ப் பொருளுக்குக் கடையின் பங்காக 30 ரூபாய் தள்ளுபடி, மீதமுள்ள 170 ரூபாயில் 25 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 42 ரூபாய் 50 பைசா. அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 7 ரூபாய் 65 பைசா. 5 சதவீத வரியில் இருக்கும் உணவகம் இந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் அதுவும் செலவுதான். டப்பா, பை, ஸ்பூன் 12 ரூபாய். கையில் நிற்பது 107 ரூபாய் 85 பைசா. இதிலிருந்துதான் அரிசி, எண்ணெய், எரிவாயு, கூலி, வாடகை எல்லாம் போக வேண்டும். கமிஷன் விகிதம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மாறும். அது தள்ளுபடிக்கு முந்தைய விலையில் கணக்கிடப்படுகிறதா, பிந்தைய விலையிலா என்பதையும், செயலிக்குள் விளம்பரத்துக்காகப் பிடிக்கப்படும் தொகையையும் உங்கள் ஒப்பந்தத்தில் தேடிப் படித்து, மேலே உள்ள கணக்கை உங்கள் எண்களோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கணக்கு கட்டுப்படியாகாத பொருளைச் செயலியில் வைக்க வேண்டியதில்லை. சாம்பார் சாதம், பொங்கல், பிரியாணி, தயிர் சாதம் ஆகியவை பயணத்தைத் தாங்கும். முறுகல் தோசை இருபது நிமிடத்தில் துவண்டுவிடும். அதற்குக் கிடைக்கும் குறைந்த மதிப்பெண் மற்ற எல்லாப் பொருள்களின் விற்பனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். காலை எட்டு முதல் பத்து வரை கடைக்குள்ளேயே கூட்டம் நிரம்பி வழியும் என்றால், அந்த இரண்டு மணி நேரம் செயலியில் சில பொருள்களை நிறுத்திவைப்பதில் தவறில்லை. ஆர்டரை ஏற்றுக்கொண்ட பிறகு தாமதிப்பதும் ரத்து செய்வதும்தான் கடையின் பெயரைக் கெடுக்கும்.

வரிக் கணக்கில் ஒரு தெளிவு தேவை. 2022 ஜனவரி 1 முதல், செயலி வழியாக விற்ற உணவுக்கான ஜிஎஸ்டியைச் செயலி நிறுவனமே வசூலித்து அரசுக்குக் கட்டுகிறது. அந்த விற்பனையைக் கடையின் சொந்த விற்பனையோடு கலந்து மறுபடியும் வரி கட்டிவிடாமல், தனி இடத்தில் காட்டும்படி கணக்காளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வருமான வரிக்காகச் செயலிகள் பிடித்துக்கொள்ளும் 0.1 சதவீதத்தையும் ஆண்டு இறுதியில் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

செயலிகளோடு ஒத்துப்போக முடியாதவர்களுக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2025இல் கமிஷன் பிரச்சினையால் நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் கூட்டாக ஸ்விக்கிக்கு எதிராக முடிவெடுத்தார்கள். அரசு ஆதரவுடன் 2021இல் பதிவான, விற்பவரையும் வாங்குபவரையும் பல செயலிகள் வழியே இணைக்கும் திறந்த வலையமைப்பான ஓஎன்டிசியிலும் உணவகங்கள் சேரலாம். ஆனால் மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ இரண்டு கிலோமீட்டருக்குள் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் கடைக்கு, வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியலை ஏற்றி, சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓட்டத் தெரிந்த சொந்த ஆளிடம் அனுப்புவதே எளிமையானது என்று தோன்றுகிறது. செயலியில் வந்த வாடிக்கையாளர் அடுத்த முறை நேரடியாகக் கூப்பிடுவதற்கு, டப்பாவின் மேல் ஒட்டிய சிறு சீட்டு போதும்; ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. சூடான சாம்பாரை மெல்லிய கேரி பையில் கட்டிக்கொடுக்கும் பழக்கம் சட்டத்துக்கும் உடம்புக்கும் ஒவ்வாதது. பார்சல் எடுக்க வரும் டெலிவரி ஊழியர்களுக்கு நிழலில் நிற்க இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுப்பதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. மாநகராட்சியே அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் அவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை அமைத்திருக்கும்போது, ஒரு ஓட்டலால் இரண்டு நாற்காலி போட முடியாதா?

ஆறாம் படி: சரக்குக் கணக்கு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பிளேட் விற்றால் இத்தனை கிராம் குறையும் என்று தானாகக் கழிக்கும் மென்பொருள்கள் பீட்சாக் கடைக்குப் பொருந்தும். கேட்டபோதெல்லாம் சாம்பாரும் சட்னியும் ஊற்றும் நம் ஓட்டலில், ஒரு செட் இட்லிக்கு எவ்வளவு துவரம்பருப்பு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்க முயலாமல், விலை உயர்ந்த சில பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நெய், எண்ணெய், பால், காபித்தூள், உளுந்து, முந்திரி, அசைவக் கடையென்றால் இறைச்சி, இவற்றோடு 19 கிலோ வணிக சிலிண்டர். தினமும் இரவு மீதியை எழுதி, அன்றைய விற்பனையோடு ஒப்பிட்டால் ஒரு மாதத்தில் வழக்கமான அளவு பிடிபடும். பால் செலவு அதே அளவில் இருக்கும்போது காபி விற்பனை மட்டும் குறைந்திருந்தால், விடையைக் கல்லாவில் தேட வேண்டும்.

சாப்பிட வருபவர்களுக்கு

மேசையில் அச்சிட்ட மெனு இல்லாமல் க்யூஆர் மட்டும் இருந்தால், அச்சிட்டதைக் கேட்கத் தயங்க வேண்டாம். முதியவர்களோடு வருபவர்களுக்கு இது பெரிய சங்கடம். சுவரில் ஒரு விலைப்பலகை இருந்தால் அவர்கள் தாங்களே பார்த்துத் தாங்களே சொல்வார்கள். க்யூஆரைத் திறந்ததும் கைப்பேசி எண்ணைக் கேட்கும் மெனுக்களும், எண் கொடுத்தால்தான் பில் வரும் என்று சொல்லும் கல்லாக்களும் பெருகிவிட்டன. எண்ணைக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்துவது முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் விவகார அமைச்சகம் 2023இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 'எண் தர விருப்பமில்லை, பில்லைக் காகிதத்தில் கொடுங்கள்' என்று சொன்னால் போதும்.

பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைக் கல்லாவில் இருப்பவரிடம் உரக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைப்பெயரும் கணக்குப்பெயரும் வேறாக இருப்பது சாதாரணம் என்றாலும், கேட்பது இருவருக்கும் பாதுகாப்பு. தவறி வேறெங்கோ பணம் போய்விட்டால் வங்கிக்கும், மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்க்கப்பட்டிருந்தால் நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது; தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அவற்றை உறுதிசெய்தது. வேறு பெயரில் சேர்த்தாலும் இது பொருந்தும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி, அரசுக்குப் போகும் வரி. சேவைக் கட்டணம், கடை தன் விருப்பத்தில் கேட்பது. பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள்.

செயலியில் ஆர்டர் செய்வதற்கு முன், அதே கடையின் நேரடி விலையை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருளின் விலை வித்தியாசம், டப்பாக் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், டெலிவரிக் கட்டணம், 2025 செப்டம்பர் 22 முதல் அந்த டெலிவரிக் கட்டணத்தின்மீது வந்துள்ள 18 சதவீத வரி ஆகியவற்றைக் கூட்டினால், தள்ளுபடி கழிந்த பிறகும் நடந்து போய் வாங்குவது எவ்வளவு மலிவு என்பது புரியும். பொருள் மாறி வந்தாலோ சிந்தி வந்தாலோ, டப்பாவைப் பிரிப்பதற்கு முன் சீலோடு ஒரு படமும், பிரித்த பின் ஒரு படமும் எடுத்துச் செயலியின் உதவிப் பகுதியில் அன்றைக்கே பதிவுசெய்யுங்கள். தெர்மல் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அதையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குறை சமையலிலா, கொண்டுவந்ததிலா என்று பிரித்து எழுதினால், பணம் திரும்பி வருவதும் விரைவாக நடக்கும். செய்யாத தவறுக்காகச் சமையலறையில் இருப்பவரின் மதிப்பெண்ணும் குறையாது.